பயோன் ஊர்க் கத்தி

பயோன் என்பது ஒரு ஊர். பிரான்சின் தென்மேற்கு மூலையில், ஸ்பெயின் எல்லைக்குக் கிட்ட, இரண்டு ஆறுகள் சேருகிற இடத்தில் இருக்கிறது. அந்த ஊரின் பெயரில் இருந்துதான் பயோனெத் என்ற சொல் வந்தது என்கிறார்கள், துவக்கு நுனியில் பூட்டுகிற கத்திக்கு அதுதான் பெயர், இங்கிலீசுக்காரன் அதைப் பயனெற் என்றான், இதெல்லாம் இராசநாயகத்தை நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். சொல்லி என்ன பிரயோசனம்? பாரிசுக்கு வெளியே, அகதி வழக்குகளின் மேன்முறையீடு கேட்கிற கட்டடத்தில், மூன்றாம் இலக்க மண்டபத்து வாசலில், ஒரு பிளாஸ்டிக் கதிரையில் குந்திக்கொண்டு, அறுபத்தேழு வயது மனுசன் விடிந்ததில் இருந்து அந்த ஒரு சொல்லைத்தான் வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கதிரையில் தயாபரன். விசுவமடுவில் உழவு மெசின் ஓட்டினவன், நாற்பத்தொரு வயது, மச்சானிடம் இரவல் வாங்கின கோட்டு தோளில் இறுக்கிப் பிடிக்க, முழங்கால் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு அடக்கமாக இருந்தான். பத்து மணிக்கு அவனுடைய வழக்கு. அகதி மனுவை முதலில் பார்க்கிற கந்தோரில் மறுத்துவிட்டார்கள். இங்கேயும் மறுத்தால் பிறகு தட்டுவதற்குக் கதவு இல்லை, முப்பது நாளுக்குள் நாட்டை விட்டுப் போ என்று கடிதம் வரும், ஊரில் பெண்சாதியும் பிள்ளையும் தகரக் கொட்டிலில் இவ்வளவு காலம் பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் வீண். முதல் கந்தோர் ஏன் மறுத்தது என்று எழுதி அனுப்பிய கடிதத்தை அவனுக்குத் தமிழில் வாசித்துச் சொன்னவர் இராசநாயகம்தான். வாசிக்கும்போது இரண்டு வரியை விட்டுவிட்டு வாசித்தார். அதற்குப் பிறகு ஏழு மாதம் ஓடிவிட்டது. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும், பத்து மணிக்கு முன்னம் சொல்லிவிட வேண்டும், விடிய ஆறு மணிக்குத் தேத்தண்ணி தரும்போது பெண்சாதி புவனேசும் அதைத்தான் சொன்னாள், உதைச் சொல்லித் துலையுங்கோவன், பிறகு என்ன செய்யிறது எண்டு அந்தாள் தானே யோசிக்கட்டும். சுவரில் மணிக்கூடு ஒன்பது பத்து காட்டியது. இன்னும் ஐம்பது நிமிசம் கிடக்குத்தானே என்று இராசநாயகம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

ஐம்பது நிமிசத்தில் அவர் எவ்வளவோ செய்திருக்கிறார். பருத்தித்துறைக் கோட்டடியில் ஒரு பிறக்கிராசி வக்கீலிடம் கிளாக்காக இருந்த காலத்தில் ஐம்பது நிமிசத்தில் ஒரு பெற்றிசம், அதாவது மனு, எழுதி, டைப் அடித்து, கையெழுத்தும் வாங்கி முடித்துவிடுவார். எல்லை வழக்கு என்றால் அதற்கு முன்னமே எழுதி வைத்த ஒரு பந்தி, சீதன வழக்கு என்றால் அதற்கு ஒரு பந்தி, பெயரையும் காணியின் பெயரையும் மாற்றினால் சரி, நீதவானுக்கும் அது தெரியும், ஒருத்தரும் கோபிப்பதில்லை. அந்தப் பழக்கந்தான் கடல் கடந்து அவரோடு வந்தது. வந்த புதிதில், தொண்ணூற்றோராம் ஆண்டு, பகலில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டு, பின்னேர வகுப்பில் பிரெஞ்சு படித்துக்கொண்டு இருந்தபோது, அளவெட்டிக் குலவீரசிங்கம் தன்னுடைய அகதிக் கேசை எழுதித் தரச் சொல்லி வந்து முன்னால் இருந்து அழுதான். அண்ணை, என்னை அடிச்சவங்கள், தலைகீழாக் கட்டி அடிச்சவங்கள், ஆனா உடம்பிலை காட்ட ஒரு அடையாளமும் இல்லை, இஞ்சை அடையாளந்தானாம் கேக்கினம். தோளில் மட்டும் சைக்கிளோடு முள்ளுக்கம்பி வேலியில் விழுந்த ஒரு நீளத் தழும்பு இருந்தது. அடி உண்மை, தழும்பும் உண்மை, இரண்டையும் சேர்த்துக் கட்ட ஒரு சொல்தான் தேவைப்பட்டது. நகரசபை நூலகத்தில் தலையணைப் பருமன் அகராதி ஒன்றை எடுத்து வைத்துத் தேடினார். துவக்கின் படம் போட்டு ஒவ்வொரு உறுப்புக்கும் கோடு கிழித்துப் பெயர் எழுதியிருந்தார்கள், நுனியில் இருந்த கத்திக்கு நேரே பயோனெத். ஊரில் பேப்பரில் துப்பாக்கிச் சனியன் என்று போடுவார்கள், அதற்கு ஏன் அந்தப் பெயர் என்று ஒருவரும் சொன்னதில்லை, இவரும் கேட்டதில்லை. இங்கே இந்தச் சொல்லுக்கு அரைப் பக்கத்துக்குச் சரித்திரம் இருந்தது. துவக்கோடு சேருவதற்கு முன்னமே பயோனில் செய்த நீளக் கத்திக்கு அந்தப் பெயர் இருந்திருக்கிறது. ஒரு சண்டையில் வெடிமருந்து தீர்ந்துபோன கமக்காரர்கள் தங்கள் கத்தியை எடுத்துத் துவக்கு வாய்க்குள் செருகிக்கொண்டு பாய்ந்தார்களாம் என்று ஒரு கதை, அது உண்மையோ பொய்யோ தெரியாது என்றும் அகராதிக்காரனே எழுதியிருந்தான். அந்த நேர்மை இராசநாயகத்துக்குப் பிடித்துப்போயிற்று. இரவு வந்து குலவீரசிங்கத்தின் கேசில் அந்தச் சொல்லை எழுதினார்.

அது வேலை செய்தது, அதுதான் வந்த வினை. குலவீரசிங்கத்தை விசாரித்த அதிகாரி அந்த இடம் வந்ததும் பேனையை மேசையில் வைத்துவிட்டு, தன்னுடைய தாத்தா முதலாம் யுத்தத்துக்குப் போய்த் திரும்பி வரவில்லை என்று சொன்னாராம். இராசநாயகத்துக்கு விளங்கிவிட்டது. இந்த நாட்டில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் நடுச்சந்தியில் கல்லில் செய்த ஒரு சிப்பாய் நிற்கிறான், கையில் துவக்கு, துவக்கு நுனியில் அந்தக் கத்தி. மின்சாரம் பிடிச்சவங்கள், பெற்றோல் பையைத் தலையிலை கட்டினவங்கள் என்றால் இவர்களுக்கு அது வேற்று நாட்டுச் சங்கதி, பயோனெத் என்றால் வீட்டுச் சங்கதி. அடுத்த கேசுக்கும் எழுதினார், அதற்கடுத்ததற்கும் எழுதினார். பிறகு பெடியளே வந்து கேட்கத் தொடங்கினார்கள், அண்ணை, எனக்கும் அந்தச் சொல்லைப் போடுங்கோ, அது ராசியான சொல்லாம், போட்டா விசாவாம். பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் கடைத்தெருவில் அவர் நடந்து போனால் மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். ஊரில் ஒருநாளும் படிப்பித்தவரில்லை, ஆனாலும் மாஸ்டர். அப்படிக் கூப்பிட்டபோது அவருக்கு எவ்வளவு சந்தோசமாக இருந்தது என்று புவனேசுக்குத்தான் தெரியும், அன்றைக்கெல்லாம் மனுசன் குசினிக்குள் வந்து வெங்காயம் உரித்துத் தருவார். கொம்பியூட்டர் வந்த பிறகு அந்தப் பந்தி ஒரு பொத்தானுக்குள் போய்விட்டது, அமத்தினால் முழுதாக வந்து விழும். சீருடைக்காரன் ஒருவன் துவக்கு நுனியில் பூட்டியிருந்த பயோனெத்தால் விலாவில் வெட்டினான், நீண்ட தழும்பு இன்றும் இருக்கிறது. தோள், விலா, தொடை, அதை மட்டும் மாற்றினால் போதும். நாற்பது பேரோ, ஐம்பது பேரோ, அவருக்கே கணக்கு விட்டுப்போயிற்று.

ஒருமுறை பயோனையும் கண்ணால் பார்த்தார். ஆவணி மாதம் லூர்து மாதாவிடம் போகிற கோச் ஒன்றில், சைவக்காரர் பாதி வேதக்காரர் பாதி, எல்லோரும் நேர்த்தி வைத்துக்கொண்டு போனார்கள், அடுத்தநாள் கடல் பார்க்க என்று கோச்சுக்காரன் அந்தப் பக்கம் விட்டான். பயோனில் ஒன்றரை மணித்தியாலம் நிறுத்தினான். மற்றவர்கள் ஆற்றங்கரை வாங்கில் இருந்து இடியப்பப் பார்சலைப் பிரிக்க, இராசநாயகம் மட்டும் தெருத்தெருவாகக் கத்தி தேடி அலைந்தார். கடைகளில் பன்றித் தொடைதான் தொங்கியது, உப்பிட்டுக் காயவைத்த தொடை, வரிசை வரிசையாக. மற்றப் பக்கம் சொக்கிலேற். ஒரு கடைக்காரியிடம் கேட்டே விட்டார், மதாம், பயோனெத் கத்தி இங்கே எங்கே பார்க்கலாம். அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள், எங்களுடைய ஊருக்குப் பேர் தொடையிறைச்சிக்கு மிஸியூ, கொஞ்சம் ருசி பாருங்கோ என்று ஒரு சீவலை நீட்டினாள். இத்தனை சனத்துக்கு வாழ்வு கொடுத்த சொல் பிறந்த ஊரில் அந்தச் சாமானைக் கண்ணில் காணவில்லை. கோச்சில் திரும்பி வரும்போது அவருக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. அன்றைக்கு அவர் தன்னைத்தானே ஒன்று கேட்டிருக்க வேண்டும், இவ்வளவு எழுதினேனே, அந்தக் கத்தி ஒரு உடம்பில் என்ன அடையாளம் வைக்கும் என்று எனக்குத் தெரியுமா என்று. கேட்கவில்லை. புவனேஸ் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள், அவரும் கண்ணை மூடிக்கொண்டார்.

தெரிந்தது தயாபரன் வந்த அன்றைக்குத்தான். ஒன்றும் கேட்காமல், எந்தச் சொல்லையும் போடச் சொல்லாமல், வந்து இருந்து, சேட்டைத் தூக்கிக் காட்டினான். இடது விலாவுக்குக் கீழே சட்டைப் பொத்தான் ஓட்டை அளவில் ஒரு புள்ளி. இராசநாயகம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். இதுதானோ என்று கேட்டார். கேட்ட கேள்வி இன்றைக்கும் காதுக்குள் நிற்கிறது, கொஞ்சம் சலிப்போடு, மீன்கடையில் சின்ன மீனைப் பார்த்துக் கேட்கிறமாதிரி, இதுதானோ. ஓம் அண்ணை, துவக்கிலை பூட்டுற கத்தி, அதுக்கு என்ன பேர் எண்டு எனக்குத் தெரியாது என்றான். பிறகு சொன்னான். யுத்தத்தின் கடைசி மாதங்களில், ஒரு நெல்லுக் களஞ்சியத்தில், மூட்டைகளுக்குக் கீழே அவனும் நாலு வயது மகளும் கிடந்தார்கள். சீருடைக்காரன் ஒருவன் வந்து ஒவ்வொரு மூட்டையாகக் குத்திப் பார்த்துக்கொண்டு போனான். நெல்லுச் சொரியிற சத்தம் கிட்டக் கிட்ட வந்தது. கத்தி சாக்குக்குள்ளால் வந்து விலாவில் இறங்கி உடனே திரும்பிப் போயிற்று, ஒரு மூச்சு விடுகிற நேரம். அவன் கத்தவில்லை. மகள் முழித்துக்கொண்டு அவனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாளாம், முகம் கோணினால் அவள் அழுதுவிடுவாள், அழுதால் எல்லாம் முடிந்தது. அதாலை சிரிச்சனான் அண்ணை என்றான். இருபத்திரண்டு வருசம் எழுதின சாமான் ஒரு பொத்தான் ஓட்டையாக வந்து முன்னால் இருக்கிறது. அது வெட்டாது, குத்தும், நீளத் தழும்பு வைக்காது, சின்ன வாய் வைத்து உள்ளே ஆழமாகப் போகும். இது தெரியாத ஆளா மாஸ்டர்?

அந்தக் கேசை அவர் அக்கறையாகத்தான் எழுதினார், அதில் பொய்யில்லை. நெல்லு மூட்டை, சாக்கு, மகளின் கண், எல்லாம் புதிதாக, நல்ல பிரெஞ்சில் எழுதினார். காயம் வருகிற இடத்தில் புவனேஸ் சாப்பிடக் கூப்பிட்டாள். வாறன் வாறன் என்று சொல்லிக்கொண்டே கை தன்பாட்டில் அந்தப் பொத்தானை அமத்திவிட்டது. பந்தி வந்து விழுந்தது. விலாவில் வெட்டினான், நீண்ட தழும்பு இன்றும் இருக்கிறது. திரும்ப வாசிக்காமலே அடுத்த பந்திக்குப் போய்விட்டார். இரண்டு கிழமையால் டொக்டர் தன்னுடைய சான்றிதழில் உள்ளதை உள்ளபடி எழுதினார், ஒன்றரைச் சதமமீற்றர், ஆழமான குத்துக்காயத்தின் வடு. இரண்டும் ஒரே வழக்குக் கோவைக்குள் போயின. மறுப்புக் கடிதம் வந்த அன்றைக்குத் தயாபரன் குசினி மேசையில் எதிரே இருக்க, அவர் ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். இரண்டாம் பக்கத்தின் நடுவில் அந்த இரண்டு வரி. மனுதாரர் தன் காயத்தைப் பற்றிச் சொல்லும் பந்தி வேறு பல மனுக்களில் சொல்லுக்குச் சொல் அப்படியே காணப்படுகிறது. நீண்ட தழும்பு என்று எழுதியிருப்பது மருத்துவச் சான்றிதழோடு பொருந்தவில்லை. இராசநாயகம் தண்ணி எடுத்துக் குடித்தார். குடித்துவிட்டு அதற்கு அடுத்த வரியில் இருந்து தொடங்கினார். அவ்வளவுதானோ அண்ணை என்று தயாபரன் கேட்டான். அவ்வளவுதான் என்றார். மேன்முறையீட்டையும் அவரே எழுதினார், அதிலும் அந்த இடத்தைத் தொடவில்லை.

ஒன்பது முப்பத்தைந்துக்கு வக்கீல் பெட்டை வந்தாள், அரசாங்கம் கொடுத்த இலவச வக்கீல், கறுப்பு அங்கியைக் கையில் தொங்கப் போட்டுக்கொண்டு, கோவை நேற்றுத்தான் கையில் கிடைத்தது என்றாள். பிரெஞ்சில் இராசநாயகத்தைக் கேட்டாள், இந்தக் காயப் பந்தியை எழுதினது யார். அவருடைய வாய் அவரைக் கேட்காமலே மறுமொழி சொன்னது, தெரியாது, லாச்சப்பலில் யாரோ எழுதிக் கொடுத்தது. விசாரணைத் தலைவர் கட்டாயம் இதைக் கேட்பார், இவருக்குச் சொல்லி ஆயத்தப்படுத்தியிருக்கிறீர்களா என்றாள். ஓம் என்றார். அவள் தயாபரனைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் கோப்பி மெசினுக்குப் போனாள். தயாபரனும் அவளைப் பார்த்துச் சிரித்தான். இனி இருபது நிமிசம். சொன்னால் என்ன நடக்கும்? இவன் உள்ளே போய், அது என்னுடைய பந்தி இல்லை, எழுதினவர் போட்டது என்பான். எழுதினவர் யார் என்பார்கள். வேறு யாருக்கெல்லாம் எழுதினார் என்பார்கள். குலவீரசிங்கம் இப்போது மூன்று பிள்ளைகளோடு இந்த நாட்டுக் குடிமகன், மூத்தவள் மருத்துவம் படிக்கிறாள், ஐம்பது வீட்டுக் கதவைத் திரும்பத் தட்டுவார்களே. நல்ல நியாயந்தான். மனுசன் அந்த நியாயத்தை ஏழு மாதமாகத் தடவித் தடவி வைத்திருக்கிறார். ஆனால் தயாபரனுக்கு மட்டும், காதோடு காதாக, தம்பி, தழும்பு நீளம் எண்டு எழுதினது என்ரை பிழை, கேட்டால் சேட்டைத் தூக்கிக் காட்டும், எழுதினவன் பார்க்காமல் எழுதிப்போட்டான் எண்டு சொல்லும் என்று சொல்வதற்கு அந்த ஐம்பது பேரும் என்ன குறுக்கே? குறுக்கே நின்றது வெட்கம். மாஸ்டர் என்று கூப்பிடுகிற வாய் இனி எப்படிக் கூப்பிடும் என்கிற வெட்கம், வேறொன்றுமில்லை. அதைத் தெரிந்துகொண்டும் வாய் திறக்கவில்லை. தம்பி என்று தொடங்கினார். தயாபரன் திரும்பினான். குளிருதோ என்று கேட்டார். இல்லை அண்ணை என்றான்.

ஒன்பது நாற்பத்தெட்டுக்குத் தயாபரனாகவே கேட்டான்.

"அண்ணை, அந்தக் கத்திக்கு எழுதின சொல் எங்கத்தைய சொல்?"

இராசநாயகத்துக்கு உயிர் வந்தது. பாவம், நீந்தத் தெரியாத ஆளுக்குக் கால் நிலத்தில் பட்டமாதிரி. சொல்லத் தொடங்கிவிட்டார். பயோன் என்ற ஊரைச் சொன்னார், இரண்டு ஆற்றைச் சொன்னார், கோச்சில் போனதையும் கத்தியைத் தேடித் தொடையிறைச்சியைக் கண்டதையும் சொன்னார், தயாபரன் அதற்குச் சிரித்தான். வெடிமருந்து தீர்ந்த கமக்காரர்களின் கதையைச் சொல்லும்போது கையால் செருகியும் காட்டினார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே மணிக்கூட்டின் பெரிய முள் நகருவது அவருக்குத் தெரிந்தது, இப்போது நிறுத்து, இப்போது சொல்லு, இந்த வசனம் முடியச் சொல்லு, ஆனால் ஒரு வசனத்தின் வாலில் இன்னொரு வசனம் பிடித்துக்கொண்டு வந்தது, அகராதியில் படித்தது, நூலகத்தில் படித்தது, ஒன்றையும் விடாமல் வந்தது. பழைய கத்திகளுக்கு மரப்பிடியாம், அதைத் துவக்கு வாய்க்குள் இறுக்கிச் செருகுவார்களாம், வெளியில் பூட்டுகிற வளையம் கனகாலம் பிந்தித்தான் வந்ததாம்.

"அப்ப கத்தியைச் செருகினாப் பிறகு வெடி வைக்க ஏலாதோ?"

"ஏலாது. வாய் அடைச்சுப்போடுமல்லோ."

தயாபரன் தலையாட்டினான். மண்டபத்துக் கதவு திறந்தது. சேவகன் ஒரு தாளைப் பார்த்து அவனுடைய பெயரைக் கடித்துக் குதறி வாசித்தான், மொழிபெயர்ப்பாளரும் வக்கீலும் உள்ளே போனார்கள். தயாபரன் எழும்பினான். கோட்டைக் கழற்றினான். சேட்டைத் தூக்கிக் காட்டச் சொன்னால் உது இடைஞ்சல் என்று சொல்லி இராசநாயகத்தின் மடியில் வைத்தான். பிறகு குனிந்து, வேறு ஆருக்கும் கேட்காதமாதிரி, மரியாதையாகச் சொன்னான்.

"அண்ணை, நீங்கள் வாசிக்காமல் விட்ட ரெண்டு வரியும் எனக்குத் தெரியும். அண்டைக்கு இரவே மச்சான் வாசிச்சுச் சொன்னவர். நீங்களாச் சொல்லுவியள் எண்டு இருந்தனான்."

இராசநாயகம் மடியில் இருந்த கோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மச்சானுக்கும் அந்தப் பந்தியிலைதான் விசா கிடைச்சது. உள்ளுக்கை அதைக் கேட்டா நான் ஒண்டும் சொல்லமாட்டன். பயப்பிடாதேங்கோ. சத்தம் போடாமல் இருக்க எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். முகம் கோணவில்லை. நெல்லு மூட்டைக்குக் கீழே அந்தப் பிள்ளை பார்த்த சிரிப்பு இதுதான் என்று இராசநாயகத்துக்கு அந்த இடத்தில் தெரிந்தது, அதற்குள் அவன் திரும்பி நடந்துவிட்டான். விரும்பின ஆட்கள் உள்ளே வந்து பின்வரிசை வாங்கில் இருக்கலாம், விசாரணை எல்லாருக்கும் பொது. சேவகன் கதவைப் பிடித்துக்கொண்டு இவரைப் பார்த்தான், நீங்கள் வாறீர்களா மிஸியூ என்று கேட்டான். எழும்பிப் போய், அந்தத் தலைவருக்கு முன்னால் நின்று, நல்ல பிரெஞ்சில், இருபத்திரண்டு வருசம் பழகின பிரெஞ்சில், எழுதினவன் நான்தான் என்று சொல்ல ஒரு நிமிசம் போதும். இராசநாயகம் மடியில் கிடந்த கோட்டின் கையை நீவி விட்டார். இல்லை என்று தலையாட்டினார். சேவகன் கதவைச் சாத்தினான். மணிக்கூடு பத்து நாலு காட்டியது. பயோன் என்பது ஒரு ஊர், இரண்டு ஆறுகள் சேருகிற இடத்தில் இருக்கிறது. உள்ளே யாரோ எதையோ கேட்பது கதவுக்குள்ளால் மங்கலாகக் கேட்டது, அதற்கு மறுமொழி வருகிறதா என்று அவர் கனநேரம் காது கொடுத்துக்கொண்டு இருந்தார்.